காசியிலே இல்லை, தென்காசியிலே உண்டு!

காசிக்குப் போய் வந்தவர்கள் ஊர் திரும்பியதும் கொஞ்ச நாளைக்கு ஒரு தனிக் களையுடன் நடமாடுவார்கள். கங்கைச் செம்பு, கறுப்புக் கயிறு, அங்கே விட்டுவிட்டு வந்த காய்கறியின் பெயர் எல்லாம் பேச்சில் அடிபடும். அவ்வளவு தூரம் போக முடியாத தென்னாட்டாருக்காகவே பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரை ஊரில் விசுவநாதருக்கு ஆலயம் எடுப்பித்தான் என்பார்கள். தென்காசி என்ற பெயரிலேயே, 'அது கிட்டாவிட்டால் இது' என்கிற அடக்கம் தொனிக்கிறது அல்லவா?

அந்த அடக்கம் அவ்வளவாக வேண்டியதில்லை. காசியிலே எந்த யுகத்திலும் பார்க்க முடியாத ஒரு காட்சி தென்காசியிலே வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. டிக்கெட்டு இல்லை, கியூ இல்லை, பார்க்க வருகிறவர்களும் இல்லை.

ஏப்ரல் மாதம் 12 அல்லது 13ஆம் தேதி, பகல் 12 மணி 21 நிமிஷம் சுமாருக்குத் தென்காசியில் ஒரு மொட்டை மாடிக்குப் போய், பவுடர் டப்பா ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். நிழலைத் தேடுங்கள். கிடைக்காது! சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேலே நிற்பதால், டப்பாவின் நிழல் டப்பாவுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டுவிடும். மறுபடி இதே கண்ணாமூச்சி ஆகஸ்டு 29, 30 தேதிகளில் நடக்கும். காசியில் இது நடக்கவே நடக்காது. சூரியன் வடக்கே எவ்வளவு தூரம் போனாலும் கடக ரேகையோடு, அதாவது 23½ பாகை சுமாரோடு, திரும்பிவிடுகிறது. காசியோ 25 பாகைக்கும் வடக்கே இருக்கிறது. பூமியின் சாய்வு நாற்பதாயிரம் வருஷ வட்டத்தில் சிறிது கூடிக் குறைவது உண்டு. மிக அதிகமாகச் சாயும்போதுகூட 24½ பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே, காசிக்காரர்கள் எத்தனை ஜன்மம் எடுத்துக் காத்திருந்தாலும் பயனில்லை.

"உச்சிப் பொழுது என்றால் பன்னிரண்டு மணிதானே? அது என்ன 12 மணி 21 நிமிஷம்?" என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கடிகாரங்கள் எல்லாம் மிர்ஜாப்பூருக்குப் பக்கமாகப் போகும் 82½ பாகைத் தீர்க்க ரேகையைப் பார்த்து நடக்கின்றன. மிர்ஜாப்பூர் காசிக்கு அடுத்த வீடு மாதிரி. காசியில் உச்சி வந்து சுமார் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நிமிஷம் கழித்துத்தான், மேற்கே இருக்கும் தென்காசிக்கு உச்சி வருகிறது. தென்காசிக்காரர் கையில் கட்டியிருப்பது காசிப் பக்கத்து மணி என்பது ஒரு வேடிக்கை!

இந்த நேர் உச்சிப் புள்ளி அந்த நாட்களில் தினம் சுமார் 40 கிலோ மீட்டர் வீதம் வடக்கே போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் 10ஆம் தேதி வாக்கில் கன்னியாகுமரி, 12, 13ல் தென்காசி, 15, 16ல் மதுரை, 24ல் சென்னை. சென்னை வாசகிகள் அன்று பகல் 12 மணி 7 நிமிஷத்துக்கு மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். வடாம் பிழிந்து வைத்திருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்தது போல் ஆயிற்று.

தென்காசிக்கு இந்த நாள் அமைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அடுத்த நாளோ மறு நாளோ சித்திரை முதல் தேதி. ஐந்தாறு கிலோ மீட்டரில் இருக்கும் குற்றாலத்தில், திருக்குற்றாலநாதர் கோயிலில் அன்று சித்திரை விசு. ஆறு மாதம் கழித்து, ஐப்பசி பிறக்கும்போது, ஐப்பசி விசு. இரண்டுக்கும் கொடியேற்றம், தேர், தீர்த்தவாரி என்று பத்து நாள் உற்சவம் உண்டு. இந்த 'விசு' என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன தெரியுமா? பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் என்று அர்த்தம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பகலும் இரவும் சமமாக வருவது மார்ச்சு 20, 21லும் செப்டம்பர் 22, 23லும். சித்திரை விசு ஏப்ரல் 14ல் வருகிறது. அன்று குற்றாலத்தில் பகல், இரவைவிட அரை மணிக்கு மேல் நீண்டுவிடுகிறது. அப்படியானால் முன்னோர்கள் கணக்கில் பிசகினார்களா?

பிசகவில்லை. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் சூரியன் மேஷ ராசியில் நுழைந்த அன்றே பகலும் இரவும் சமமாக இருந்தன. பெயர் சரியாகத்தான் வைத்தார்கள். பிறகு பூமி மெல்ல நகர்ந்துவிட்டது. பம்பரம் சுற்றும்போது அதன் தலை ஒரு சிறு வட்டம் போடுகிறது அல்லவா? அதே போலப் பூமியின் அச்சும் ஆகாயத்தில் ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டம் முடியச் சுமார் 26,000 வருஷம் பிடிக்கும். இதனால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் சித்திரைக்கும், வெயிலை வைத்துக் கணக்கிடும் பருவத்துக்கும் இடையே 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. ஒரு மனுஷ ஆயுளில் ஒரே ஒரு நாள்! யார் கவனிப்பார்கள்? ஆனால் கணிதர்கள் கவனித்துத்தான் இருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் 'அயனாம்சம்' என்று ஒரு கணக்கு வரும். அதுதான் இந்தப் பாக்கி. இன்று அது 24 பாகைக்குக் கொஞ்சம் அதிகம்.

இதே பாக்கிதான் உத்தராயணத்திலும் இருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22ல். நாம் பொங்கல் பானை வைப்பது ஜனவரி மத்தியில். தட்சிணாயனத்திலும் அப்படியே. ராஜராஜ சோழன் காலத்து ஆடி, பருவக் கணக்குப்படி, இன்றைய ஆடியைவிடச் சுமார் இரண்டு வாரம் முந்திப் பிறந்திருக்கும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்கிற பழமொழியைச் சொன்ன பாட்டனார் இன்று வந்தால், கொஞ்சம் விழிக்கத்தான் செய்வார்.

பம்பரத்தின் தலையைப் பிடித்து இழுப்பது யார் என்றா கேட்கிறீர்கள்? சந்திரன்தான் முக்கியமான ஆள். பூமி சுற்றுகிற வேகத்தில் அதன் இடுப்பு சற்றுப் பருத்திருக்கிறது. அந்தப் பருத்த பாகத்தைச் சந்திரனும் சூரியனும் பிடித்து இழுக்கிறார்கள். இழுப்பில் சந்திரனுடைய பங்கு சூரியனுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அமாவாசை, பௌர்ணமி என்று சாதுவாக வந்து போகிற அந்தச் சந்திரன், விசுவை மூன்றரை வாரம் நகர்த்தி வைத்துவிட்டான்!

விழாக்களைப் பழையபடி சரியான நாளுக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 1952ல் இந்திய சர்க்கார் விஞ்ஞானி மேகநாத் சாஹாவின் தலைமையில் ஒரு பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டி ஏற்படுத்தியது. அதன் யோசனைப்படி 1957 மார்ச்சு 22லிருந்து தேசியப் பஞ்சாங்கம் ஒன்று அமுலுக்கு வந்தது. அதில் சைத்திர மாதம் சம இரவு நாளை ஒட்டியே பிறக்கிறது. அரசாங்கக் கெஜட்டில் அந்தத் தேதி இருக்கிறது, கோயில்கள் மாறவில்லை. என் அபிப்பிராயத்தில், மற்ற ஊர்கள் எப்படியோ போகட்டும், குற்றாலம் மாற வேண்டாம். 1,700 வருஷத்துக்கு முன் விசுவன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நின்றது. இன்று தமிழ்நாட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது! நூல் பிடித்துப் பார்த்தால், ஏப்ரல் 14ல் அது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால், குற்றாலத்தில் தீர்த்தவாரிக்கு நிற்கிறவர்களின் உச்சி நிழல் அன்றும் இரண்டு விரற்கடைக்கு மேல் இராது. இதைவிட நல்ல முகூர்த்தத்தை எந்தக் கமிட்டி கொடுக்கும்? பெயருக்கு அர்த்தம் மாறிவிட்டது என்பதை மட்டும் குழந்தைகளிடம் உள்ளபடி சொல்லிவிட்டால் போதும்.

*

இனி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். சூரியன் உச்சிக்கு வருவது சித்திரையில். சாரல் வருவது ஆனி, ஆடியில். ஏன் இந்தத் தாமதம்?

அடுப்பில் ஒரு பக்கம் தோசைக் கல்லையும், மறு பக்கம் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரையும் வையுங்கள். கல் சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீர் ஆற அமரத்தான் சுடும். நம் தேசத்து நிலம் தோசைக் கல். அரபிக் கடலும் இந்து மகா சமுத்திரமும் தண்ணீர்ப் பாத்திரம். சூரியன் கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டு வடக்கே போகப் போக, சித்திரை வைகாசியில் நிலம் காய்கிறது. கத்திரி வெயில் அடிக்கிறது. காய்ந்த நிலத்தின் மேல் காற்று லேசாகி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடி வருகிறது. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் மழை இறங்குவது சராசரிக் கணக்கு.

வருகிற காற்று தெற்கேயிருந்து நேராக வடக்கே வரலாமே, தென்மேற்கிலிருந்து ஏன் வருகிறது? இங்கேதான் பூமியின் சுழற்சி வேலை செய்கிறது. திருவிழாவில் குடைராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு எதிர்க் குதிரையில் இருக்கும் தங்கைக்கு ஒரு பந்தை வீசிப் பாருங்கள். பந்து நேராகத்தான் போகும். ஆனால் ராட்டினம் சுற்றிவிடுவதால், அது ஒதுங்கிப் போனதாகத் தோன்றும். குற்றாலம் இருக்கிற இடத்தில் பூமி மணிக்குச் சுமார் 1,650 கிலோ மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. தெற்குக் கடலில் தென்கிழக்கிலிருந்து புறப்படுகிற காற்று, ஆப்பிரிக்கக் கரையோரமாகப் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் வலக்கைப் பக்கம் வளைந்து, தென்மேற்குக் காற்றாகி நம்மிடம் வந்து சேருகிறது. வால் நட்சத்திரத்தால் பெயர் பெற்ற ஹாலி 1686லேயே இந்தக் காற்றுகளுக்குப் படம் போட்டார். பூமி சுற்றுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1735ல் ஜார்ஜ் ஹாட்லி எடுத்துச் சொன்னார்.

பூமி சூரியனுக்கு அருகில் போவதால்தான் கோடை வருகிறது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அருகில் போவது ஜனவரி மாதத் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டிருக்கும்போது! ஜூலையில், சாரல் உச்சத்தில் இருக்கும்போது, பூமி சூரியனை விட்டு வெகு தூரத்தில், சுமார் 15 கோடியே 20 லட்சம் கிலோ மீட்டரில் இருக்கிறது. வெயிலும் மழையும் வருவது சாய்வினால், தூரத்தினால் அல்ல. ஆனால் தூரத்துக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. சந்திரன் பம்பரத்தைத் தள்ளிக்கொண்டே போவதால், சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருந்தது. அதனால் பருவக்காற்று இன்றைவிட வலுவாக அடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்ஸ்பாக் 1981ல் கணக்கிட்டுக் காட்டினார். அரபிக் கடலின் அடிச் சேறும் அதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தக் காலத்துப் பேரருவி எப்படி விழுந்திருக்குமோ! பொங்குமாங்கடல் என்று பாறைக் குழிக்கு நாம் வைத்த பெயர் அன்று இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

மேற்கேயிருந்து வரும் மேகங்களை மலைத்தொடர் தடுத்து, பெரும்பாலான மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடச் செய்கிறது. நமக்கு வெறும் காற்று வர வேண்டியது நியாயம். ஆனால் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலை தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியாகத் தப்பி வருகிற ஈரந்தான் சாரல். கொல்லம் போகிற ரயிலும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது. 1904ல் பாதை போட்ட இஞ்சினீயர்கள், காற்று கண்டுபிடித்து வைத்திருந்த வழியையே கண்டுபிடித்தார்கள்! தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றும், கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றும் இந்த வாசல் விட்ட காற்றுத்தான். சென்னையில் மிக்ஸி ஓடும்போது, அதில் கொஞ்சம் குற்றாலக் காற்றும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

*

"அமாவாசையை ஒட்டி மழை பிடிக்கும்" என்று நம்புகிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சந்திரன் கடலை இழுப்பது நிச்சயம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். ஆனாலும் சிற்றாறும் தாமிரபருணியும் சேர்ந்து போய் விழுகிற மன்னார் வளைகுடாவில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். மலை மேல் இருக்கும் அருவியை அது ஒன்றும் செய்யாது. காற்று மண்டலத்தையும் சந்திரன் இழுக்கிறான். அதனால் மழை கூடிக் குறைகிறதா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயாமா, வாலஸ் என்ற இருவர் பதினைந்து வருஷச் செயற்கைக்கோள் கணக்குகளைப் புரட்டி 2016ல் பதில் சொன்னார்கள். மாற்றம் உண்டு. ஆனால் மழையின் மொத்த ஏற்றத் தாழ்வில் அது நூற்றில் ஒரு பங்கு! ஆகையால், ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் செய்யப் போகிறவர்கள் முன்னோரை நினைத்துப் போகட்டும். அருவி நிறையும் என்பதற்காகச் சந்திரனை நம்பிப் போக வேண்டாம்.

சந்திரன் செய்கிற பெரிய உபகாரம் வேறு. பூமியின் சாய்வு ரொம்ப ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அவன்தான் என்று 1993ல் பிரெஞ்சுக்காரர் ழாக் லாஸ்கரும் அவர் தோழர்களும் கணக்கிட்டார்கள். அவர்கள் பயந்த அளவு ஆட்டம் இராது என்று பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், சாய்வு நிலையாக இருப்பதால்தான் ஆனி என்றால் சாரல் என்று நாம் எதிர்பார்க்க முடிகிறது.

அழகும் அவனால்தான். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருக்கும். பௌர்ணமிச் சந்திரன் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கம் நிற்பவன். ஆகவே, மார்கழி நிலவு வடக்கே ஏறி, நடு இரவில் நடு வானத்தை ஒட்டிப் போகிறது. அந்தப் பௌர்ணமியை ஒட்டி அவன் திருவாதிரை நட்சத்திரத்தின் பக்கம் வருகிறான். நடராஜப் பெருமான் சித்திர வடிவில் ஆடுகிற குற்றாலம் சித்திர சபையில் அப்போதுதான் ஆருத்திரா தரிசனம். வீட்டில் களி கிண்டிவிட்டு விடியற்காலையில் வாசலுக்கு வந்தால், மேற்கே சாய்ந்துகொண்டு நிற்பான்.

*

வானத்துக் கணக்கு இப்படி நிமிஷம் பிசகாமல் நடக்கிறது. மழையின் கணக்கு அப்படி இல்லை. இது வெறும் உல்லாசப் பிரயாணிகளின் கவலை என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வட்டாரத்தில் நெல்லுக்கு இரண்டு போகம். தென்மேற்கு மழையை நம்பி ஆனியில் தொடங்குவது கார். வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசியில் தொடங்குவது பிசானம். எங்கோ பசிபிக் சமுத்திரத்தில் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சுட்டுவிட்டால்கூட, இங்கே சாரல் மெலிந்து போகலாம். அருவிப் பாறை காய்ந்தால், நாம் ஹோட்டல் ரூமை ரத்துச் செய்துவிட்டு ஊர் திரும்பிவிடுவோம். செங்கோட்டையிலும் தென்காசியிலும் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துப் பெண், காதிலிருப்பதைக் கழற்றிக் கொடுக்க நேரிடுகிறது.

மழை வராமல் ஏமாற்றுவது ஒரு விதம். வரக் கூடாத நாளில் வந்து ஏமாற்றுவது இன்னொரு விதம். 2024 மே 17ஆம் தேதி பஞ்சாங்கப்படி கத்திரி. சீசன் தொடங்கவே இல்லை. மலை மேல் பெய்த கோடை மழை திடீரென்று பழைய குற்றால அருவியில் வெள்ளமாக இறங்கி, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. குளிக்க வந்த இடத்தில் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதக் கை வரவில்லை. அருவிக்கு மேலே மலையில் என்ன நடக்கிறது என்பது கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, குழந்தைகளோடு போகிற சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெளிந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மண் நிறமாகிறதா, இலையும் சுள்ளியும் வருகிறதா, இரைச்சல் மாறுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். எண்ணெய் முழுக்கு பாதியில் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், போலீஸ்காரர் விசில் ஊதி வெளியேற்றுவார். அவரோடு வாதம் செய்துகொண்டு நிற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று தொடங்குவார்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருப்பார். அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு கடைத் தெருப் பக்கம் போய் மங்குஸ்தான் விலை கேளுங்கள். முதல் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.